உயரத்தில் எடுத்து வைத்த நோட்டு

"அறிவியல் கதையப் பத்திப் பேசவா கடல் தாண்டி வந்தீங்க?"

நாகப்பட்டினத்தில் என் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரி இதை இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் ஆமாம் என்றேன். அவர் பக்கத்து மேசைக்காரரிடம், "எங்க வீட்டுல பாடப் புத்தகத்தையே தொட மாட்டேங்குறானுங்க" என்றார். முத்திரை விழுந்தது. கப்பலில் வழி முழுக்க வாந்தி எடுத்திருந்த எனக்கு, அவர் பாராட்டினாரா கிண்டல் செய்தாரா என்று பிரித்துப் பார்க்கத் தெம்பில்லை.

நான் இலங்கையின் மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறிக்கிறார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெருவிரலை ஊன்றுகிறார். எங்கள் குடும்பத்தில் பாடசாலைக்குப் போய், பரீட்சைகளைத் தாண்டி, அதே பாடசாலைக்குத் தமிழ் ஆசிரியையாகத் திரும்பி வந்த முதல் ஆள் நான்தான். எங்கே போனாலும் இதை ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுவேன். இங்கே இரண்டு மூன்று பத்தி பொறுத்திருக்கிறேன்.

வந்த காரணம் இது. தமிழில் அறிவியல் புனைகதை படிப்பவர்களுக்காகக் காரைக்கால்காரர்கள் போனில் ஒரு குழு நடத்துகிறார்கள். மூன்று வருடமாக நானும் அதில் சண்டை போட்டு வருகிறேன். உறுப்பினர்கள் எழுதிய கதைகளைத் தொகுப்பாகப் போடுவது என்று முடிவாகி, தேர்வுக்கு இரண்டு நாள் கூட்டம் வைத்தார்கள். போன வருடம் இரண்டு பேர் இயந்திரத்தை எழுதச் சொல்லி, தங்கள் கதை என்று அனுப்பி மாட்டிக்கொண்டார்கள். அதிலிருந்து குழுவில் ஒரு விதி: கதையைக் கைப்பட எழுதிக் கொண்டுவர வேண்டும், எல்லோர் முன்னாலும் உரக்க வாசிக்க வேண்டும். எதிர்காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பேனாவையும் தாளையும் நம்பித்தான் நிற்கிறோம்.

முதல் நாளே பஸ்ஸில் கோட்டை விட்டேன். ஏறும்போது நான் இருந்தது தமிழ்நாடு. வாஞ்சூர் பக்கம் நிலக்கரி லாரிகள் வரிசை கட்டி நின்றன, காற்றில் கரித்தூள். அங்கே வந்ததும் புதுச்சேரி மாநிலமாகிவிட்டது என்று பக்கத்து இருக்கைப் பெண் சொன்னார். சாராயக் கடைப் பலகைகளைப் பார்த்துத்தான் எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டுமாம். நான் போனைத் திறந்து, விண்வெளிக் கதைகளில் ஏன் யாரும் சமைப்பதில்லை என்று குழுவில் நடந்துகொண்டிருந்த சண்டையில் நுழைந்தேன். நிமிர்ந்தபோது கண்டக்டர் கேட்டார்: "ஏம்மா, காரைக்கால் டிக்கெட்டு இன்னும் எறங்கலையா? இது பூவம். இதத் தாண்டுனா திரும்பத் தமிழ்நாடு."

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு மாநிலத்தின் இந்த நுனியில் நுழைந்து அந்த நுனிக்கு வந்திருந்தேன். எங்கள் தோட்டத்தில் மேல் பிரிவிலிருந்து கீழ்ப் பிரிவுக்கு நடக்கவே அதைவிட நேரமாகும்.

நல்ல வேளையாக, குழுவின் செயலாளர் குமரேசன் பூவத்துக்காரர். மின்துறையில் வேலை, கூடவே கொஞ்சம் நெல் வயல். நான் போன் செய்ததும் மோட்டார் சைக்கிளில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் கத்திப் பேசினார்.

"கதைய நீங்க கண்ணால படிக்கணும் டீச்சர். ஒரு கோளு எவ்வளவு தூரம், எவ்வளவு சூடுன்னு ஒரு எண்ணு போட்டிருப்பான். காதால கேட்டா அது நிக்குமா? திருப்பிப் பாக்க முடியுமா?"

"சரியாச் சொன்னீங்க சார்" என்று நானும் கத்தினேன்.

உண்மையிலேயே என் கட்சியும் அதுதான். எங்கள் குழுவில் நூர்ஜஹான் என்று ஒருவர் எப்போதும் குரல் பதிவு மட்டுமே அனுப்புவார். ஒரு எழுத்துகூடத் தட்டியதில்லை. ஒருமுறை எரிச்சலில், 'குரல் அனுப்புகிறவர்கள் கேட்பவர்கள். வாசகர்கள் அல்லர்' என்று எழுதினேன். நிறையப் பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். பெண் விருந்தாளிகளைப் பெண் உறுப்பினர்கள் வீட்டில் தங்கவைக்கிறோம் என்று சொல்லியிருந்த குமரேசன், என்னை இறக்கிவிட்டது நூர்ஜஹான் வீட்டு வாசலில்.

ஐம்பதைத் தாண்டியவர். கணவரும் மகனும் குவைத்தில் இருக்கிறார்கள். கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதானே, கேக்குறவங்க படிக்கிறவங்க இல்லேன்னு எழுதினது? வாங்க, வாங்க. உள்ள வந்து சாப்பிடுங்க. பசியோட சண்ட போட முடியாது."

எனக்கு முகம் எரிந்தது. "அக்கா, அது வந்து..."

"லாத்தான்னு கூப்பிடுங்க. சேகர் தம்பிதான் படிச்சுச் சொல்லிச்சு. லாரி ஓட்டுதே, கீழவாஞ்சூர்ல. குழுவுல வர்றத எல்லாம் அதுதான் படிச்சு எனக்குக் குரல்ல அனுப்பும். போன்லயே ஒரு பொம்பள படிச்சுக் காட்டுறாதான், ஆனா அவளுக்குக் கோவமே வராது. சேகர் தம்பி படிச்சா சண்ட சண்டயாவே கேக்கும்."

இடியாப்பமும் இறால் ஆணமும் வைத்தார். குழம்பைத்தான் அந்த வீட்டில் ஆணம் என்கிறார்கள். கடைசியில் வட்டலப்பம் வந்தது. எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் பெருநாளுக்குக் கொடுப்பார்களே, அதே இனிப்பு. கடலுக்கு இந்தப் பக்கமும் அது இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனால் தேநீர்! பாலில் தூளைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வதைத்திருந்தார்கள். கொழுந்து பறிப்பவரின் மகள் என்ற முறையில் வருத்தப்பட்டேன். பிறகு இரண்டாவது கிளாஸ் கேட்டேன்.

சாப்பிடும்போது கூட்டத்தின் அழைப்பிதழை நீட்டி, எத்தனை மணிக்கு என்று கேட்டார். சொன்னேன்.

"எனக்குப் படிக்க வராதும்மா. பள்ளிக்கூடம் போகல. உம்மாவுக்கு முடியாமப் போச்சு, எனக்குக் கீழ நாலு பேரு. எழுதுவேன். படிக்கத்தான் வராது."

படிக்கத் தெரிந்து எழுத வராத பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. எழுத வந்து படிக்க வராத ஆளை நான் பார்த்ததில்லை. கதை கட்டுவதைத்தான் எழுதுவது என்கிறார் போல, என்று நினைத்துக்கொண்டேன். அவரே சொல்லிவிட்டாரே, படிக்க வராதென்று. மனதின் ஒரு மூலையில், நான் குழுவில் எழுதியது சரிதான் என்று ஒரு சின்னத் திருப்தி. அம்மாவின் பெருவிரலும் நினைவுக்கு வந்ததால் அதை முழுதாக அனுபவிக்க முடியவில்லை.

குளித்துவிட்டு எனக்குக் கொடுத்த அறைக்கு வந்தேன். ஈரத் துண்டை மேசையில் போட்டேன். அப்புறம்தான் கவனித்தேன். துண்டுக்கு அடியில் அட்டை போன ஒரு நோட்டு, திறந்தபடி. பக்கம் நிறைய அரபு எழுத்து. பதறிப்போய்த் துண்டை இழுத்தேன். ஓதுகிற நோட்டு! என் தலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வேறு. அடுத்த அறையில் லாத்தா தொழுதுகொண்டிருந்தார். சுவரில், தலைக்கு மேலே ஒரு பலகையில் வெள்ளைத் துணி போர்த்திக் குர்ஆன் இருந்தது. கையைத் துடைத்து, நோட்டை இரண்டு கைகளாலும் எடுத்து, அந்தத் துணிக்கு அடியில் பக்குவமாக வைத்தேன். வேறு மதத்துக்காரி தொட்டது தெரிந்தால் வருந்துவாரோ என்று யாரிடமும் சொல்லவில்லை. நல்ல காரியம் செய்த நிம்மதியோடு தூங்கினேன்.

மறுநாள் காலை வீடு தலைகீழாகக் கிடந்தது. லாத்தா மெத்தையைத் தூக்குகிறார், அரிசி டப்பாவுக்குப் பின்னால் பார்க்கிறார்.

"கதை எழுதின நோட்டக் காணோம்மா. இங்கதான் எங்கயோ போட்டேன்."

நானும் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து தேடினேன். படிக்கத் தெரியாதவருக்குக் கதை நோட்டு எப்படி? மகன் லீவில் வந்தபோது எழுதிக் கொடுத்திருப்பான். தமிழில் எழுதிய நோட்டைத்தான் தேடினேன். அரபு நோட்டு ஒரு தடவை ஞாபகத்துக்கு வந்தது. அது வேறு விஷயம், எதற்குக் கிளறுவானேன் என்று விட்டுவிட்டேன். "கிடைக்கலேன்னா வாயால சொல்ல வேண்டியதுதான்" என்று லாத்தா புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். ஆட்டோவில் அவர் உதடுகள் அசைந்தபடியே இருந்தன.

கூட்டம் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில். லாத்தாவைச் சேர்த்துப் பன்னிரண்டு பேர். லாரி ஓட்டும் சேகர் கரித்தூள் படிந்த சட்டையோடு நேராகத் துறைமுகத்திலிருந்து வந்திருந்தார். "சரக்கு ஏத்துற வரிசையில நிக்கிற நேரத்துல செவ்வாய்க் கிரகத்துக்கு நாலு தடவ போயிட்டு வந்துட்டேன் டீச்சர். எல்லாம் காதாலதான்" என்றார். அவர் எந்தக் கட்சி என்று உடனே புரிந்தது.

மற்றவர்கள் தாளை வைத்து வாசித்தார்கள். நானும் வாசித்தேன். கைதட்டினார்கள். லாத்தாவின் முறை வந்தது. நோட்டு காணாமல் போனதைச் சொல்லிவிட்டு, நின்றபடியே கதையைச் சொன்னார்.

ஆள் இல்லாத கப்பல்கள் ஓடும் காலம். கப்பலுக்கு வீடு திரும்பும் ஆசை வர வேண்டுமே, அதற்காகக் கம்பெனிக்காரர்கள் பழைய மாலுமிகளின் மனைவிகளிடமிருந்து குரலை எடுத்துக் கப்பலுக்குள் வைக்கிறார்கள். சபுரா என்ற பெண் தன் குரலைக் கொடுக்கிறாள். கப்பல் போகிறது. வீட்டில் அவள் பேச்சற்றுப் போகிறாள், வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவே இல்லை. வருடங்கள் கழித்துக் கரையில் நிற்கிறாள். தூரத்தில் ஒரு கப்பல் அவள் குரலிலேயே யாரையோ அதட்டிக்கொண்டு போகிறது. அவள் முதல் முறையாகச் சிரிக்கிறாள்.

என் கண் கலங்கிவிட்டது. குமரேசன் தொண்டையைச் செருமினார்.

"அக்கா, கப்பல் எதுல ஓடுது? டீசலா, பேட்டரியா? அதச் சொல்லாம எப்படி அறிவியல் கதை?"

"நீங்க பஸ்ஸுல ஏறும்போது அதக் கேட்டுட்டுத்தான் ஏறுவீங்களா தம்பி?"

எல்லோரும் சிரித்தார்கள். குமரேசனும் சிரித்தார், ஆனால் விடவில்லை. "கதை நல்லாத்தான் இருக்கு. தாள் இல்லையே. எழுதி வச்சிருந்தேன், காணோம்னு சொன்னா, போன வருஷம் ஏமாத்தினவங்களும் அதத்தானே சொன்னாங்க? உங்களுக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணுன்னு விதி வைக்க முடியாது. கை தூக்கிடுவோம்."

சேகர் எழுந்து கத்தினார். பலனில்லை. கதையை ஏற்கலாம் என்று ஐந்து கை. வேண்டாம் என்று ஆறு. ஆறாவது கை என்னுடையது.

ஏன் தூக்கினேன்? விதி விதிதான். படிக்க வராது என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அந்த நோட்டு ஒன்று பொய், இல்லை வேறு யாரோ எழுதியது. இப்படியெல்லாம் கணக்கிட்டேன். அழுத கண்ணைத் துடைத்த கையே மேலே போனது எப்படி என்றுதான் இன்னும் விளங்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் லாத்தா கை கால் முகம் கழுவி ஒளூ செய்துவிட்டு, ஓதுவதற்காகப் பலகையிலிருந்து குர்ஆனை எடுத்தார். துணிக்கு அடியில் கை நின்றது.

"இத யாரு இங்க வச்சது?"

நான் வைத்தேன் என்றேன். பெருமையாகவே சொன்னேன். ஓதுகிற நோட்டு, மேசையில் கிடந்தது, மரியாதைக்காக.

அவர் நோட்டையும் என்னையும் பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். "அல்லாஹ் மன்னிக்கணும்! இதுதான்மா என் கதை நோட்டு. பின்பக்கம் பாருங்க, மளிகை லிஸ்ட்டு. ரெண்டு கிலோ வெங்காயத்தக் கொண்டுபோய் எங்க வச்சிருக்கீங்க!"

"ஆனா, இது அரபு..."

"எழுத்துதான் அரபு. பேச்சு நம்ம பேச்சு. உம்மா இப்படித்தான் சிங்கப்பூருக்கு வாப்பாவுக்குக் கடிதாசி எழுதுவாங்க. நான் குவைத்துக்கு எழுதினேன்."

"அப்ப நேத்து படிக்க வராதுன்னு சொன்னீங்களே, லாத்தா?"

"இது படிப்பா? படிப்புன்னா பள்ளிக்கூடத்துப் படிப்புல்ல? இது வீட்டு எழுத்து."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அரபுத் தமிழ். தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை. ஆசிரியப் பயிற்சியில் இதைப் பற்றி ஒரு பத்தி படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி முழுப் புள்ளி வாங்கியிருக்கிறேன். மேசையில் கிடந்தபோது எனக்குத் தெரியவில்லை. தன் எழுத்தைப் படிப்பாக எண்ணாதவர் ஒருவர், அவர் சொன்னதை அப்படியே நம்பியவள் ஒருத்தி. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு கதையைத் தோற்கடித்திருந்தோம். இந்த வீட்டில் எழுத்தறியாதவர் யார் என்று யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. கப்பலே தேவலாம்.

லாத்தாவின் சிரிப்பு நின்றது. தொகுப்பு அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "என் பேரு புத்தகத்துல வரும்னு குவைத்துக்குச் சொல்லிட்டேன்" என்றார். என்னைத் திட்டவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு ஆப்பம் வைத்தபோது மட்டும், "காலைல ஒரு கையத் தூக்கினியே, அந்தக் கையால இன்னும் ரெண்டு எடுத்துக்க" என்றார். நீங்க போய் நீ வந்திருந்தது. அது கோபமா சொந்தமா தெரியாமலே சாப்பிட்டேன்.

மறுநாள் கூட்டம் தொடங்கியதும் எழுந்தேன். நோட்டை உயர்த்திக் காட்டி, நடந்ததை அப்படியே சொன்னேன். தமிழ் ஆசிரியை என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்த வாயால் சொல்வது எளிதாக இல்லை. "நேற்று என் கை தப்பு" என்று முடித்தேன்.

குமரேசன் நோட்டை வாங்கினார். "சரி டீச்சர். ஆனா இதுல அந்தக் கதைதான் இருக்குன்னு யாரு சொல்றது? நீங்க படிச்சீங்களா?"

"எனக்குப் படிக்க வராது சார்."

இந்த வாக்கியத்தை என் வாழ்நாளில் நான் முதல் தடவையாகச் சொன்னேன்.

"அக்கா மனசுல இருக்கிறத ஒப்பிச்சாலும் நமக்குத் தெரியாது. நானே ஒரு பக்கம் எடுக்குறேன், அதப் படிங்க" என்றார் குமரேசன். நோட்டைத் தன் பழக்கப்படி இடது பக்கமிருந்து திறந்து நீட்டினார்.

"தம்பி, அது வெங்காயம்" என்றார் லாத்தா. "இந்தப் பக்கத்துலேர்ந்து வாங்க."

சிரிப்பு அடங்கியதும் குமரேசன் நடுவில் ஒரு பக்கத்தைக் காட்டினார். லாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வலமிருந்து இடமாக விரலை ஓட்டி வாசித்தார். கப்பல் கம்பெனிக்காரர் சபுராவுக்கு விளக்குகிற இடம். கப்பலின் வயிற்றில் தகடுகள் இருக்கின்றன. உப்புத் தண்ணீர் ஒரு பக்கம், ஆற்றுத் தண்ணீர் ஒரு பக்கம் பட்டால் அதில் மின்சாரம் பிறக்கும். அதனால் ஒவ்வொரு கப்பலும் ஏதாவது ஓர் ஆற்றின் வாயைத் தேடி வந்தே ஆக வேண்டும். அரசலாறு கடலில் விழும் இடத்துக்கு இந்தக் கப்பல் வர வேண்டும், அதற்குத்தான் அவள் குரல்.

லாத்தாவே விரலை நிறுத்திவிட்டார். "அட, இத எழுதியிருக்கேனே! நேத்து பயத்துல மறந்தே போச்சு."

சேகர் போனை எடுத்தார். லாரியில் கேட்பதற்காக நேற்றைய கதையைப் பதிவு செய்து வைத்திருந்தார். ஓடவிட்டார். அதில் தகடும் இல்லை, ஆற்றின் வாயும் இல்லை. குமரேசன் கேட்ட கேள்வியும் பஸ் பதிலும்தான் இருந்தன.

"மனசுலேர்ந்து சொன்னா மறந்தது எப்படிண்ணே திரும்ப வரும்?" என்றார் சேகர். "அவங்க படிக்குறாங்கண்ணே."

குமரேசனின் முகம் மலர்ந்திருந்தது. தோற்ற ஆளின் முகமாக அது இல்லை. "உப்பு வித்தியாசத்துல மின்சாரம் எடுக்கலாம்க்கா. நெசமாவே எடுக்கலாம்" என்று மின்துறைக் குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதோடு முடிந்திருந்தால் நான் தெளிவாக ஊர் திரும்பியிருப்பேன். நேற்று ஆதரித்த ஐந்து பேரில் ஒருவர், நேற்று சொன்னதுதான் கதை, இன்று வாசித்தது பாடம் என்றார். இன்னொருவர், தகடு வந்த பிறகுதான் அந்தப் பெண்ணின் துயரமே எனக்குப் புரிந்தது என்றார். நேற்று எனக்கு அழுகை வந்தது. இன்று கப்பலுக்குள் நின்றதுபோல இருந்தது. எதைக் கேட்டேன், எதை வாசித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டுமே எனக்குக் காது வழியாகத்தான் வந்தன.

"விதிப்படி தாள் இருக்கு, கையெழுத்து இருக்கு, வாசிச்சாச்சு" என்று குமரேசன் பதிவேட்டைத் திறந்தார். "நோட்டுல உள்ளபடி போடுவோம். அக்கா வாசிக்க வாசிக்க டீச்சர் தமிழ் எழுத்துல எழுதிக் கொடுத்துட்டுப் போகட்டும்."

சம்மதித்தேன்.

"ஒரு நிமிஷம் தம்பி" என்றார் லாத்தா. "முதல் பக்கம் என் எழுத்துலயே வரணும். போட்டோ புடிச்சுப் போடுங்க."

குமரேசன் பேனாவை நிறுத்தினார். "யாருக்குக்கா படிக்கத் தெரியும்? புத்தகம் வாங்குறவங்க என்ன செய்வாங்க?"

லாத்தா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "தெரிஞ்சவங்ககிட்ட நீட்டி, இதுல என்ன போட்டிருக்குன்னு கேக்கட்டும். பஸ் போர்டுலேர்ந்து மாத்திரை அட்டை வரைக்கும் நான் அப்படித்தானே கேட்டுக்கிட்டிருக்கேன்."

அதற்கு யாரும் கை தூக்கச் சொல்லவில்லை. குமரேசன் எழுதிக்கொண்டார்.